அல்லாமா இக்பாலும் இறைமறுப்பு வாதங்களும்

அல்லாஹ் இல்லை என்று வாதிப்போருக்கு மறுப்புச் சொன்ன உலமாக்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கின்றனர். ஆனால் அந்த வாதத்தை அதன் சொந்தக்காரரின் அறைக்கே போய், அவர் எதிரில் அமர்ந்து, நாள் தவறாமல் கேட்டுவிட்டு, ஈமானோடு எழுந்து வந்தவர்கள் வெகு சிலரே. அச்சிலரில் ஒருவர் அல்லாமா முஹம்மது இக்பால் (ரஹ்) அவர்கள்.

இக்பால் என்றதும் நம் வீடுகளில் கவிதை நினைவுக்கு வரும். படித்தவர்களுக்கு அரசியலும் நினைவுக்கு வரும். அவை இரண்டும் வேறிடங்களில் நிறையப் பேசப்பட்டுவிட்டன. கடவுள் மறுப்புத் தத்துவங்களின் நடுவே அன்னார் எப்படி நடந்து போனார்கள் என்பதை மட்டுமே இங்கே சொல்ல விரும்புகிறோம். அதற்குக் காரணம் உண்டு. மகன் கல்லூரிக்குப் போய் வந்த பிறகு பள்ளிவாசல் பக்கமே வருவதில்லை, ஏதேதோ கேட்கிறான், அவன் அத்தாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, அடிக்கப் போகிறார் என்று தனியே வந்து கண் கலங்கும் தாய்மார்கள் சேலம், நாமக்கல் பக்கத்து நம் ஜமாஅத்துகளில் ஒருவர் இருவரல்லர். அவர்களுடைய பிள்ளைகள் கேட்பதையெல்லாம் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கேட்டவரின் கதை இது.

இக்பால் அவர்கள் 1877 நவம்பர் 9-ல் பஞ்சாபிலுள்ள ஸியால்கோட்டில் பிறந்தார்கள். தந்தை ஷைகு நூர் முஹம்மது தையல் தொழில் செய்தவர். பள்ளிக்கூடப் படிப்பு இல்லை. ஆனால் ஞானவான்களின் சகவாசம் நிறைய உண்டு. மகன் காலையில் குர்ஆன் ஓதும்போது, அது தனக்கே இப்போது இறங்குகிறது என்ற நினைவோடு ஓத வேண்டுமென்று அவர் போதித்தார். இந்த ஒரு போதனையை இக்பால் அவர்கள் சாகும்வரை மறக்கவில்லை. ஐரோப்பாவின் பெரிய கிதாபுகள் எல்லாம் ஒரு தட்டில் இருக்க, தையற்காரரான அந்தத் தந்தையின் சொல் மறு தட்டில் இருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

அரபியும் பார்ஸியும் மௌலவி ஸையித் மீர் ஹஸன் அவர்களிடம் கற்றார்கள். பின்னர் லாஹூர் அரசாங்கக் கல்லூரியில் சேர்ந்து 1899-ல் தத்துவத்தில் எம்.ஏ. தேறினார்கள். அங்கே ஆசிரியராக வாய்த்தவர் தாமஸ் ஆர்னால்டு. இஸ்லாம் வாளால் பரவவில்லை, போதனையால் பரவியது என்று நூல் எழுதிய அதே ஆங்கிலேயர்தாம்.

அந்த மாணவப் பருவத்தில்தான் இக்பால் அவர்களின் உள்ளத்தில் ஆட்டம் கண்டது. இதை வேறு யாரும் சொல்லவில்லை. 1910-ல் தம் சொந்தக் குறிப்பேட்டில் அவர்களே எழுதி வைத்தார்கள். மாணவனாக இருந்தபோது நாஸ்திகத்திலிருந்து தம்மைக் காப்பாற்றியது வேர்ட்ஸ்வொர்த் என்னும் ஆங்கிலக் கவிஞரே என்பது அக்குறிப்பு. மலையையும் ஓடையையும் பாடிய ஒரு கிறிஸ்தவக் கவிஞரால் ஒரு முஸ்லிம் காப்பாற்றப்பட்டாரா என்று சிலருக்குக் கசப்பாக இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வானத்தையும் மழையையும் முளைக்கும் பயிரையும் பார்க்கும்படி குர்ஆன் ஷரீபு எத்தனை இடங்களில் நம்மை ஏவுகிறது! அந்தப் பக்கமாகக் கண்ணைத் திருப்பிவிட்ட கை யாருடையதாக இருந்தால் என்ன?

1905-ல் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார்கள். அங்கே தத்துவம் போதித்தவர்களில் ஒருவர் மெக்டகார்ட். அவர் விசித்திரமான மனிதர். ஆன்மா அழியாது என்று உறுதியாக நம்பினார். அன்புதான் உலகின் மூலம் என்றும் நம்பினார். ஆனால் கடவுள் இல்லை என்றார். இக்பால் அவர்கள் அங்கே படித்துக் கொண்டிருந்த 1906-ம் ஆண்டில்தான் மதக் கோட்பாடுகளைப் பரிசோதிக்கும் அவருடைய நூல் வெளிவந்தது. சர்வ வல்லமையும் பூரண நன்மையும் ஒருங்கே உள்ள ஒருவன் இருந்தால் உலகில் இவ்வளவு துன்பம் ஏன் என்பது அதில் அவர் வைத்த முக்கியமான கேள்வி. இரண்டு ஆண்டுகள் கழித்து, காலம் என்பதே மெய்யன்று என்று ஒரு கட்டுரையும் எழுதினார்.

இக்பால் அவர்கள் ஏறக்குறைய தினந்தோறும் அவருடைய அறைக்குப் போவார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் பெரும்பாலும் அல்லாஹ்வைப் பற்றிய கேள்வியில்தான் வந்து நிற்கும். ஆசிரியரின் தர்க்கம் பலமுறை தம்மை வாயடைக்கச் செய்தது என்றும், ஆனால் ஒருமுறைகூட அது தம் உள்ளத்தை இணங்க வைக்கவில்லை என்றும் பிற்காலத்தில் அன்னார் எழுதினார்கள். பதில் தெரியாமல் மௌனமாக இருப்பது வேறு, தோற்றுப்போவது வேறு. நம் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இந்த வித்தியாசம் தெரிவதில்லை. தேநீர்க் கடையில் ஒருவர் கேட்ட கேள்விக்கு அந்த நிமிடத்தில் பதில் வரவில்லையென்றால் ஈமானே போய்விட்டதாக வாலிபன் எண்ணிக் கொள்கிறான்.

அதன்பின் ஜெர்மனி சென்று, ஈரானில் தத்துவம் வளர்ந்த வரலாற்றைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1907-ல் மியூனிக் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றார்கள். 1908-ல் பாரிஸ்டரும் ஆகி லாஹூர் திரும்பினார்கள். வக்கீல் தொழில் சோறு போட்டது. எழுத்து வேறு பக்கம் வளர்ந்தது. 1911-ல் அல்லாஹ்விடமே முறையிடுவது போல ஷிக்வா என்னும் நெடுங்கவிதையை அரங்கேற்றியபோது பலர் முகம் சுளித்தனர். 1913-ல் அதற்கு அல்லாஹ்வின் தரப்பிலிருந்து பதிலாக இன்னொரு கவிதை பாடியபோது சுளித்த முகங்கள் மலர்ந்தன. 1915-ல் அஸ்ராரே குதீ வந்தது. 1920-ல் அது ஆங்கிலமானதும் மெக்டகார்ட் அதைப் படித்துவிட்டுக் கடிதம் எழுதினார். கேம்பிரிட்ஜில் இருந்தபோது எல்லாம் ஒன்றே என்னும் பக்கம் சாய்ந்திருந்தவர் இப்போது மாறிவிட்டாரா என்பது அவர் கேள்வி. மாறித்தான் இருந்தார்கள். அடியான் அடியானே, அவனுடைய தனித்தன்மை இறைவனில் கரைந்து போவதற்காக அன்று, அவன் முன் நிமிர்ந்து நின்று பொறுப்பேற்பதற்காகவே தரப்பட்டது என்ற முடிவுக்கு அதற்குள் வந்திருந்தார்கள்.

இனித் தமிழ்நாட்டுக்கு வருவோம். சென்னையில் தோல் வியாபாரத்தில் பெரும் செல்வந்தரான சேட் ஜமால் முஹம்மது சாஹிபு (திருச்சியில் 1951-ல் தோன்றிய கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது), ஆண்டுதோறும் ஓர் அறிஞரை அழைத்து இஸ்லாத்தைப் பற்றிப் பேச வைக்க ஏற்பாடு செய்தார். 1925-ல் ஸையித் சுலைமான் நத்வி (ரஹ்) அவர்கள் வந்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்க்கையைப் பற்றிப் பேசினார்கள். 1927-ல் பிக்தால் வந்தார். மூன்றாவதாக அழைக்கப்பட்டவர் இக்பால் அவர்கள். 1929 ஜனவரி முதல் வாரம், ஹிஜ்ரி 1347 ரஜபு மாதம், 51 வயதில் சென்னைக்கு வந்து மூன்று ஆங்கிலப் பிரசங்கங்கள் செய்தார்கள்.

அந்தச் சமயத்தில் தமிழ்நாடு எப்படி இருந்தது? சென்னை ராஜதானியின் முதல் மந்திரியாக இருந்தவர் நம் திருச்செங்கோட்டுக்கு அருகிலுள்ள குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் சுப்பராயன். (இவருடைய மகன் மோகன் பின்னர் அதே கேம்பிரிட்ஜுக்குப் படிக்கப் போய்க் கம்யூனிஸ்டாகித் திரும்பினார். ஒரே ஊரின் தண்ணீர் ஆளுக்கொரு விதமாக வேலை செய்கிறது!) பள்ளிபாளையத்துக்கு எதிரே காவிரியின் அக்கரையில், ஈரோட்டிலிருந்து 1925 முதல் குடி அரசு பத்திரிகை வந்து கொண்டிருந்தது. இக்பால் அவர்கள் சென்னையை விட்டுச் சென்ற ஆறாவது வாரத்தில் செங்கற்பட்டில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு கூடியது. பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1927-ல் லண்டனில் தாம் ஏன் கிறிஸ்தவரல்லர் என்று ஆற்றிய சொற்பொழிவைப் பின்னர் தமிழில் பரப்பியவர்களும் அவ்வியக்கத்தாரே. அந்த ரஸ்ஸலும் டிரினிட்டி கல்லூரிக்காரர்தாம். 1944-ல் நம் சேலத்தில் கூடிய மாநாட்டில்தான் திராவிடர் கழகம் என்ற பெயர் பிறந்தது. ஆக, டிரினிட்டியில் பேசப்பட்ட வாதங்கள் சில ஆண்டுகளில் நம் கடைவீதிக்கு வந்து சேர்ந்துவிட்டன.

அந்தச் சென்னைப் பிரசங்கங்களில் இரண்டாவது பிரசங்கத்தில்தான் இக்பால் அவர்கள் யாரும் எதிர்பாராததைச் செய்தார்கள். கடவுள் உண்டு என்பதற்குத் தத்துவ உலகில் வழக்கமாகச் சொல்லப்படும் மூன்று ஆதாரங்களை எடுத்து வைத்து, மூன்றும் நிற்கவில்லை என்று தாமே சொன்னார்கள்.

முதல் ஆதாரம்: ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு, அதற்கும் ஒரு காரணம் உண்டு, இப்படியே போனால் எங்கோ ஓர் ஆதிகாரணத்தில் நின்றாக வேண்டும் என்பது. அவர்களுடைய ஆட்சேபம் எளிது. எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு என்ற சட்டத்தின்மேல் ஏறி வந்துவிட்டு, கடைசிப் படியில் அதே சட்டத்தை உடைப்பது எப்படி நியாயம்? ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது நம் வாலிபர்கள் கேட்பதும் இதைத்தான்: எல்லாவற்றையும் அல்லாஹ் படைத்தான் என்றால் அல்லாஹ்வைப் படைத்தது யார்?

இரண்டாவது ஆதாரம், உலகின் ஒழுங்கைப் பார்த்து அதை அமைத்தவனை அறிவது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளை அறியாதார் இல்லை. பட்டறைக்காரர் மரத்தையும் தகட்டையும் அழகாகப் பொருத்துகிறார். ஆனால் அந்த மரத்தை அவர் உண்டாக்கவில்லை, இரும்பையும் உண்டாக்கவில்லை. ஒழுங்கை மட்டும் வைத்து வாதித்தால் நமக்குக் கிடைப்பது இத்தகைய ஒரு கைவினைஞன்தான். இல்லாமையிலிருந்து படைத்த காலிக் அல்லன். பட்டறை உவமை என்னுடையது. வாதம் இக்பால் அவர்களுடையது.

மூன்றாவது, பூரணமான ஒன்றை மனத்தால் எண்ண முடிகிறது, ஆகவே அது இருந்தாக வேண்டும் என்னும் ஆதாரம். இதற்கு ஜெர்மானியத் தத்துவஞானி காண்ட் முன்பே பதில் சொல்லிவிட்டார். மனத்தில் நூறு ரூபாயை எண்ணுவதால் சட்டைப்பையில் நூறு ரூபாய் வந்துவிடாது. இக்பால் அவர்களும் அதை ஒப்புக் கொண்டார்கள்.

இங்கே ஓர் ஆலிம் என்ற முறையில் நான் ஒன்று சொல்லியாக வேண்டும். மதறஸாக்களில் நாம் ஓதும் ஷரஹுல் அகாயித் முதலான கிதாபுகளில், எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு என்று சொல்லப்படவில்லை. ஹாதிஸானதற்கு, அதாவது இல்லாமலிருந்து உண்டானதற்கு, உண்டாக்கியவன் வேண்டும் என்றே சொல்லப்படுகிறது. அல்லாஹ் கதீம், அவன் இல்லாமலிருந்து உண்டானவனல்லன். ஆகவே அவனைப் படைத்தது யார் என்ற கேள்வி அந்த ஆதாரத்தின்மேல் படுவதே இல்லை. நம் முன்னோர்களின் கோட்டை, இக்பால் அவர்கள் நினைத்ததைவிடப் பலமானது என்பதே என் முடிவு.

ஆனால் அவர்கள் கண்ட வேறொரு குறையை மறுக்க முடியாது. அந்த ஆதாரம் முழு வெற்றி பெற்றாலும் நம் கையில் மிஞ்சுவது ஒரு காரணம் மட்டுமே. காரணத்துக்கு யாரும் ஸஜ்தா செய்வதில்லை. நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்கும்போது தாய் ஒரு காரணத்தை அழைப்பதில்லை, கேட்கிறவனை அழைக்கிறாள். வாதத்தில் வென்று தருவிக்கும் பொருளுக்கும் இந்தக் கேட்கிறவனுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைத்தான் இக்பால் அவர்கள் சென்னையில் சுட்டிக் காட்டினார்கள்.

அப்படியானால் அவர்கள் எங்கே போய் நின்றார்கள்? மனிதனின் அனுபவத்தில். ஜடப்பொருள், உயிர், உணர்வு என்று மூன்று படிகளாக அதைப் பரிசோதித்தார்கள். ஐன்ஸ்டீனுக்குப் பிந்திய விஞ்ஞானத்தில் ஜடம் என்பது முன்போல் செத்துக் கிடக்கும் கட்டியன்று, ஓயாத நிகழ்ச்சி என்றார்கள். உயிரை வெறும் இயந்திரமாக விளக்க முடியாது என்றார்கள். காலம் பொய் என்ற தம் பழைய ஆசிரியரின் வாதத்தையும் பெயர் சொல்லி எடுத்து, கடிகாரத்தில் துண்டு துண்டாகத் தெரியும் காலத்துக்கு அது பொருந்தலாம், மனிதன் தன் உள்ளே உணரும் பிரிபடாத காலத்துக்குப் பொருந்தாது என்று மறுத்தார்கள். இரவும் பகலும் மாறி வருவதைக் குர்ஆன் திரும்பத் திரும்ப அத்தாட்சியாகக் காட்டுவதன் ஆழத்தை இந்த இடத்தில் அவர்கள் விரித்ததைப் போல் விரித்தவர்கள் குறைவு. இந்தப் பகுதி கடினமானது. ஒருமுறை படித்து விளங்கிக் கொள்பவர்கள் சிலரே.

மூன்றாவது பிரசங்கத்தில் துன்பத்தின் கேள்விக்கு வந்தார்கள். மெக்டகார்டுக்குச் சொல்ல வேண்டிய பதில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கடனாக நின்றதல்லவா? அல்லாஹ்வின் வல்லமையையும் நன்மையையும் உலகின் துன்பத்தோடு பொருத்துவதே இறைநம்பிக்கைக்கு மிக வலிக்கும் முடிச்சு என்பதை மறைக்காமல் ஒப்புக் கொண்டார்கள். நன்மையைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் கொடுக்கப்பட்ட இடத்தில் தீமையைத் தேர்ந்தெடுக்கும் ஆபத்தும் கூடவே வரும் என்று ஆதம் (அலை) அவர்களின் சரித்திரத்திலிருந்து எடுத்துக் காட்டினார்கள். முழு விடையையும் பார்க்கும் இடத்தில் மனிதன் நிற்கவில்லை என்றும் சொன்னார்கள்.

அங்கிருந்து நேரே தொழுகைக்குப் போனார்கள். தத்துவ மேடையில் தொழுகையைப் பற்றிப் பேசியவர் என்று மேல்நாட்டில் யாரைச் சொல்வோம்? சிந்தனை தூரத்தில் நின்று பார்க்கிறது. தொழுகையோ அருகில் செல்கிறது. சிந்தனை அறிவதற்கு மெல்ல நடந்து பின்தொடர்வதைத் தொழுகை எழுந்து போய்ச் சந்திக்கிறது. இயற்கையை ஆராயும் விஞ்ஞானியின் தேடல்கூட ஒருவகைத் தொழுகைதான் என்று அவர்கள் கருதினார்கள். பிறகு ஜமாஅத்துத் தொழுகையைப் பற்றிப் பேசும்போது, தென்னாட்டில் உயர்ஜாதிப் பெருமையுள்ளவர் தீண்டத்தகாதவர் எனப்பட்டவரோடு தினமும் தோளோடு தோள் சேர்ந்து நிற்க நேர்ந்தால் எத்தகைய புரட்சி உண்டாகும் என்று எண்ணிப் பார்க்கச் சொன்னார்கள்.

தமிழ்நாட்டில் இறைமறுப்பைப் பரப்பிய பெரியார், இதே சமத்துவத்துக்காக இஸ்லாத்தை மேடை மேடையாகப் புகழ்ந்தார். நம் பள்ளிவாசலின் வரிசை நன்று, ஆனால் அந்த வரிசை யார் முன் நிற்கிறதோ அவன் இல்லை என்பது அவர் நிலை. கேட்ட நம்மவரில் பலர் புகழ்ச்சியில் மகிழ்ந்து மற்றதைக் காதில் போட்டுக் கொள்ளவில்லை. இக்பால் அவர்களின் சொல்லில் அந்த இரண்டும் பிரியாது. எல்லோரையும் படைத்தவன் ஒருவன் என்பதிலிருந்துதான் எல்லோரும் ஒன்று என்பது வருகிறது. அவன் முன் நிற்பதனால்தான் அந்த வரிசைக்கு ஏற்றத்தாழ்வு இல்லை.

சென்னையிலிருந்து பெங்களூர், மைசூர் சென்று, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் ஷஹீதின் கப்ரை ஸியாரத் செய்தார்கள். நம் சங்ககிரிக் கோட்டையும் நாமக்கல் கோட்டையும் 1792 வரை அந்தச் சுல்தானின் கையில்தான் இருந்தன. பிறகு ஹைதராபாத்திலும் பேசினார்கள். மேலும் மூன்று பிரசங்கங்கள் எழுதிச் சேர்த்து அவ்வாண்டு இறுதியில் அலீகரில் ஆறையும் நிகழ்த்த, 1930-ல் அவை லாஹூரில் நூலாயின. 1932-ல் லண்டனில் செய்த ஏழாவது பிரசங்கமும் 1934-ம் ஆண்டுப் பதிப்பில் சேர்ந்தது. மெக்டகார்ட் 1925-லேயே இறந்துவிட்டார். 1932-ல் அவரைப் பற்றி இக்பால் அவர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் ஏளனம் இல்லை. கடவுளை மறுத்த தம் ஆசிரியரிடம் அவர்கள் கண்ட பக்தியைப் பற்றிய பேச்சே நிறைய இருக்கிறது.

இந்நூலை உலமாக்கள் அனைவரும் அப்படியே ஏற்கவில்லை; ஏற்கவும் கூடாது. சுவர்க்கத்தையும் நரகத்தையும் இடங்களாக அன்றி நிலைகளாக அதில் கூறியிருப்பது அஹ்லுஸ் ஸுன்னத் வல் ஜமாஅத்தின் அகீதாவுக்குப் பொருந்தாது. இக்பாலின் கவிதையைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிய மௌலானா அபுல் ஹஸன் அலீ நத்வி (ரஹ்) அவர்களே, இப்பிரசங்கங்களின் சில கருத்துகளோடு தமக்கு உடன்பாடில்லை என்று எழுதினார்கள். இக்பால் அவர்களும் தம் சொல்லே முடிவு என்று இருந்தவர்களல்லர். காலம் பற்றியும் கலாம் கலை பற்றியும் ஸையித் சுலைமான் நத்வி அவர்களுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதி மாணவனைப் போல் கேட்டுக் கொண்டே இருந்தார்கள். ஆகவே பிள்ளையின் கையில் இந்நூலைக் கொடுப்பவர் ஓர் ஆலிமையும் பக்கத்தில் வைத்துக் கொடுப்பது நல்லது. கேள்வி கேட்டதற்காக அந்தப் பிள்ளையை வீட்டை விட்டு விரட்டுபவருக்கு எந்த நூலும் உதவாது.

கடைசி ஆண்டுகள் சோதனையாக அமைந்தன. 1934 ஜனவரியில் தொண்டையில் நோய் கண்டு குரல் அடங்கிப் போயிற்று. வக்கீல் தொழிலும் அதோடு நின்றது. 1935 மே மாதம் மனைவி ஸர்தார் பேகம் மறைந்தார். பத்து வயது மகன் ஜாவீதும் மகள் முனீராவும் தாயற்றவர்களாயினர். பிறகு கண்பார்வையும் மங்கியது. துன்பம் ஏன் என்று கேம்பிரிட்ஜ் அறையில் கேட்ட கேள்வி இப்போது வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. அந்நாட்களிலும் கவிதை நின்றபாடில்லை. பாலே ஜிப்ரீலும் ஸர்பே கலீமும் அப்போது வெளிவந்தவையே.

வாலிபம் முதல் விடியற்காலையில் உரத்த குரலில் குர்ஆன் ஓதி வந்தவர்கள் இக்பால் அவர்கள். ஓதும்போது கண்ணீர் வழிந்து பக்கங்கள் நனைந்துவிடும் என்று உடனிருந்தோர் சொல்லியிருக்கின்றனர். தொண்டை போனபின் அப்படி ஓத முடியாமற் போனது அவர்களுக்குப் பெரும் வேதனையாக இருந்தது. பிறர் ஓதக் கேட்டு அழுவார்கள்.

1938 ஏப்ரல் 21-ம் நாள் விடியற்காலையில், நெடுங்கால ஊழியரான அலீ பக்ஷ் பக்கத்தில் இருக்க, இக்பால் அவர்களின் உயிர் பிரிந்தது. ஜாவீதுக்கு அப்போது 13 வயது. லாஹூர் பாத்ஷாஹி பள்ளிவாசலின் படிகளுக்கு அருகில் அடக்கம் செய்தார்கள்.